பாக்கெட்டில் வைக்கும் சின்னத் துப்பாக்கி: டெல்டாவில் ஹேமர் வகை வாங்குகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சம்பா அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் தை, மாசி மாதங்களில்தான் இந்தக் கேள்வி என்னிடம் அதிகம் வரும். கேட்பவர்கள் நெல் வியாபாரிகள், கும்பகோணத்து நகைக்கடைக்காரர்கள், ஊரை விட்டுத் தள்ளிக் கொல்லைக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு இருப்பவர்கள். "லைசென்ஸ் கைக்கு வந்தாச்சு அண்ணே, பாக்கெட்ல வச்சுக்கிற மாதிரி சின்னதா எது வாங்கலாம்?"

நான் பாபநாசம் பக்கம், அரிசி ஆலை வைத்திருக்கிறேன். அப்பா காலத்து ரிவால்வர் வாரிசு முறையில் என் பெயருக்கு மாறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடத்தில் பயிற்சித் தளத்துக்கு வெளியே ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை, வெடிக்கும்படியான நிலையும் வந்ததில்லை. ஆனால் அது என் பாக்கெட்டில் இருந்த நாட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் சுடுகிற நிமிடத்தை மட்டும் மனதில் வைத்துத் துப்பாக்கி வாங்காதீர்கள். சும்மா பாக்கெட்டில் கிடக்கும் அந்த ஆயிரம் நாளும் அது உங்களையும் உங்கள் வீட்டுப் பிள்ளையையும் காயப்படுத்தாமல் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு யோசனையும் அந்தக் கணக்கில் சொல்வதுதான்.

முதலில் காகிதம்

1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பியவர்தான் துப்பாக்கி லைசென்ஸ் கேட்க முடியும். மாவட்டத்தில் கலெக்டரிடம் விண்ணப்பம் போகும். திருச்சி மாநகருக்குள் இருப்பவர்களுக்கு போலீஸ் கமிஷனர் அலுவலகம். போலீஸ் விசாரணை நடக்கும், பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள், வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்க வசதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். முன்பு 3 இருந்தது. லைசென்ஸ் காலமும் 3 வருடத்திலிருந்து 5 வருடமாக ஆனது.

தெரிந்தவரிடம் இருந்து பழையது வாங்குவதாக இருந்தால், விற்பவர் எழுத்துமூலம் தகவல் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். "நம்ம மாமாதானே" என்று முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துவிடாதீர்கள். அந்த 45 நாளும் அது உங்களுக்குச் சட்டவிரோதமான ஆயுதம்தான்.

வெளியே எடுத்துப் போவதற்கும் விதி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கான உறையில், முழுவதும் மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். யாரிடமும் எடுத்துக் காட்டக் கூடாது. திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம், இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக லைசென்ஸ் நிபந்தனை இடம் தராது. திருவாரூர் ஆழித்தேர் பார்க்கப் போகும் அன்று துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் கொண்டாட்டத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால், பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கிய குற்றத்துக்கு 2 வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஏன் ஹேமர் வகை?

துப்பாக்கியின் பின்பக்கம் மேலே நிமிர்ந்து நிற்கும் சின்னச் சுத்திதான் ஹேமர். எங்கள் தாத்தா காலத்தில் இதைக் குதிரை என்றார்கள். சிலர் விசையையும் குதிரை என்பதால் குழப்பம் வரும். இங்கே ஹேமர் என்றே சொல்கிறேன். அது முன்னால் விழுந்து ஊசியை அடிக்க, ஊசி தோட்டாவின் பின்புறத்தைக் குத்த, தோட்டா வெடிக்கிறது. இன்னொரு வகை ஸ்ட்ரைக்கர். அதில் சுத்தி கிடையாது. ஸ்பிரிங்கோடு ஊசியே உள்ளுக்குள் பின்வாங்கி நின்று முன்னால் பாயும்.

பாக்கெட்டுக்கு ஹேமர்தான் என் தேர்வு. முதல் காரணம், துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், இருட்டில் கட்டை விரலுக்கும் தெரியும். உறைக்குள் திரும்பச் செருகும்போது கட்டை விரலை ஹேமர் மேல் வைத்துக்கொண்டால், விசையில் துணியோ நூலோ மாட்டி இழுத்தாலும் ஹேமர் பின்னால் நகர்வதை விரல் உடனே உணரும். செருகுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். பாக்கெட் துப்பாக்கியில் தவறி வெடிக்கும் ஆபத்து அதிகமாக இருப்பது இந்தச் செருகும் நேரத்தில்தான்.

இரண்டாவது, முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். விசையை இழுப்பதே ஹேமரைப் பின்னால் தள்ளி விடுவிக்கவும் செய்யும் டபுள் ஆக்‌ஷன் துப்பாக்கியில் அது சுமார் 4.5 முதல் 5.5 கிலோ வரை வரும். வேண்டும் என்று இழுத்தால் தவிர அவ்வளவு தூரம் விசை போகாது.

மூன்றாவது, நம் ஊர் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாக்கெட்டிலேயே கிடந்து வியர்வையில் ஊறிய பழைய தோட்டா சில நேரம் வெடிக்காது. ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலில் அதே தோட்டாவை இன்னொரு முறை அடிக்கலாம். ஹேமர் இருந்தாலே இந்த வசதி உண்டு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2008-இல் வந்த ரூகர் எல்சிபி பிஸ்டலில் ஹேமர் உள்ளே இருக்கிறது. ஆனால் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம், நகராமல் இரண்டாவது அடி விழாது. பயிற்சியில் தோட்டா வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடியே அரை நிமிடம் காத்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

எந்த ஹேமர்?

அவசரப்பட்டு இந்த இடத்தைத் தாண்டிவிடாதீர்கள். வாங்கிவிட்டுப் பின்னால் வருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறியிருக்கிறார்கள்.

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால், விசை ஹேமரை விடுவிக்க மட்டும்தான் செய்யும். சுட வேண்டுமானால் ஹேமர் ஏற்கெனவே பின்னால் இழுபட்டு நிற்க வேண்டும். அப்படி இழுத்துவிட்ட ஹேமரோடு, ஒரு சின்ன சேஃப்டி பட்டனை நம்பி, தொடையை ஒட்டிய பாக்கெட்டில் வைப்பது எனக்கு உடன்பாடு இல்லை. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் காலியாக வைத்தால் ஆபத்து இல்லை. ஆனால் அவசரத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் வேண்டும். நம் ஊரில் பழைய லைசென்ஸ்தாரர்களிடம் இருக்கும் கோல்ட் 1903 இந்த வகை. 'ஹேமர்லெஸ்' என்று பெயர் வைத்தார்களே தவிர ஹேமர் ஸ்லைடுக்குள் ஒளிந்திருக்கிறது, அதுவும் சிங்கிள் ஆக்‌ஷன். கோல்ட் 1903-ஐ வடிவமைத்த அதே பிரவுனிங் வடிவமைத்த எஃப்என் 1910 மேலோட்டமாகப் பார்த்தால் இதற்குச் சொந்தம் போலத் தெரியும், ஆனால் அது ஸ்ட்ரைக்கர். ஹேமர் வெளியே தெரியாத எந்த பிஸ்டலையும் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

டபுள்-சிங்கிள் என்பது வால்தர் பிபி, பிபிகே போன்றவை. பிபி 1929-இலும் பிபிகே 1931-இலும் வந்தன. முதல் இழுப்பு நீளம், அதற்குப் பிறகு ஸ்லைடே ஹேமரைப் பின்னால் தள்ளிவிடுவதால் மற்றதெல்லாம் இலேசான இழுப்பு. சேஃப்டியைக் கீழே தள்ளினால் ஹேமர் பத்திரமாக இறங்கும். நல்ல அமைப்புதான். ஆனால் முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் விசை வேறு வேறு மாதிரி இருப்பதால் கை பழக நாள் ஆகும்.

டபுள் ஆக்‌ஷன் மட்டும் உள்ளது மூன்றாவது. ஒவ்வொரு இழுப்பும் ஒரே மாதிரி நீளம். ஹேமர் உடலோடு மழுங்கியோ மூடியோ இருக்கும், பாக்கெட்டில் எங்கும் மாட்டாது. பாக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1952-இல் கொண்டுவந்த சென்டினியல் ரிவால்வர் இதற்கு நல்ல உதாரணம். ஆனால் நம் நாட்டில் அந்த மாதிரி எளிதில் கைக்கு வராது.

ஆகவே இங்கே பெரும்பாலோருக்கு அமைவது வெளியே கொம்பு நீட்டிய ஹேமர் உள்ள ரிவால்வர்தான். கொம்பு துணியில் மாட்டும். அதைத் தெருமுனை லேத் பட்டறையில் கொடுத்து அறுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே பட்டறைக்காரருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். எடை குறைந்த ஹேமர் தோட்டாவைச் சரியாக அடிக்காமலும் போகலாம். எடுக்கும்போது கட்டை விரலைக் கொம்பின் மேல் மூடி வைத்து எடுக்கப் பழகினால் போதும், துணி மாட்டாது.

.32 என்றால் எந்த .32?

9 மி.மீ. பிஸ்டல் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது, அது தடைசெய்யப்பட்ட 'போர்' (குழல் துளை அளவு). நமக்கு அமைவது .32. இதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. பிஸ்டலுக்கான .32 தோட்டா வேறு, ரிவால்வருக்கான .32 தோட்டா வேறு. பிஸ்டலுக்கு 1899-இல் வந்த .32 ஏசிபி. ரிவால்வருக்கு 1896-இல் வந்த .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். பின்னது நீளம் கூட, பின் விளிம்பும் அகலம். பெயரில் இரண்டும் .32 என்பதற்காக ஒன்றுக்கு மற்றதைப் போடக் கூடாது. கடைக்காரரிடம் தோட்டா கேட்கும்போது பிஸ்டலுக்கா ரிவால்வருக்கா என்று சொல்லிக் கேளுங்கள். டப்பாவைத் திறந்து உங்கள் பழைய தோட்டாவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. .32 ஏசிபிக்கும் பின்னால் மெல்லிய விளிம்பு உண்டு. தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை நிரப்பும்போது ஒவ்வொன்றையும் கடைசி வரை பின்னால் தள்ளி நிரப்புங்கள்.

இங்கே என்ன வாங்க முடியும்?

வெளிநாட்டுத் துப்பாக்கியைப் பொதுமக்கள் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. அதனால் பழைய வால்தரும் வெப்லியும் இங்கே நகை விலைக்குப் போகின்றன. விலையைப் பார்த்துத் தரம் என்று நம்பிவிடக் கூடாது. எழுபது, எண்பது வருடப் பழசின் ஸ்பிரிங்கை நம்பி யாரும் உயிரை வைக்க வேண்டாம்.

உள்நாட்டில் அரசு ஆயுதத் தொழிற்சாலையான ஆர்டனன்ஸ் ஃபேக்டரியின் .32 அஷானி பிஸ்டல் இருக்கிறது. ரிவால்வரில் 2014 ஜனவரியில் கான்பூரில் வெளியான நிர்பீக், டைட்டானியம் கலவை, எடை சுமார் 500 கிராம். வந்தபோது அதன் விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். 2023 ஆகஸ்டில் வந்த பிரபல், குழல் 76 மி.மீ., தோட்டா இல்லாமல் சுமார் 700 கிராம், தோட்டாக்கள் நிற்கும் சுழல் உருளையான சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் வெப்லி பெயரில் .32 ரிவால்வர் செய்கிறார்கள். 2021 அக்டோபர் 1-இல் ஆர்டனன்ஸ் ஃபேக்டரி வாரியம் 7 கம்பெனிகளாகப் பிரிந்ததால் பழைய பில்லிலும் புதிய பில்லிலும் பெயர் மாறியிருக்கும், குழம்ப வேண்டாம். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அப்படிப் பிரிந்த கம்பெனிகளில் ஒன்றின் கீழ்தான் வருகிறது. 1966-இல் தொடங்கியது, ரைஃபிளுக்குப் பேர்போனது.

எடையில் ஒரு கணக்கு. 500 கிராம் பாக்கெட்டுக்குச் சுகம், கைக்கு உதைப்பு அதிகம். 700 கிராம் பாக்கெட்டை இழுக்கும், சுடும்போது அடங்கும். .32-க்கு உதைப்பே குறைவு என்பதால் நான் இலேசானதையே சொல்வேன்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கையில் வாங்கியதும் குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்புங்கள். பிஸ்டல் என்றால் முதலில் மேகசினை வெளியே எடுத்து, அதன் பிறகு ஸ்லைடை இழுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலையும் விட்டுப் பாருங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து ஆறு துளையும் எண்ணுங்கள். கடைக்காரர் காலி என்று சொல்லியிருந்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும்.

அடுத்து ஸ்லைடு. சின்ன .32 பிஸ்டல்களில் பூட்டும் அமைப்பு இல்லாததால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். வயதானவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் திணறுவார்கள். ஹேமர் வெளியே உள்ள பிஸ்டலில் முதலில் ஹேமரைக் கட்டை விரலால் பின்னால் இழுத்துவிட்டு ஸ்லைடை இழுத்தால் பாதிச் சிரமம் குறையும். அப்போதும் முடியவில்லை என்றால் ரிவால்வருக்குப் போய்விடுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

பிறகு விசை. போலித் தோட்டா போட்டு டபுள் ஆக்‌ஷனில் பத்து முறை தொடர்ந்து இழுங்கள். பத்தாவது இழுப்பிலும் துப்பாக்கியின் முனை ஆடாமல் நிற்க வேண்டும். இடையில் நெருடல், சிக்கல் தெரிந்தால் வேறு பீஸ் கேளுங்கள்.

ஹேமரை இறக்கிய நிலையில் அது ஊசியைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா, சற்றுப் பின்வாங்கி நிற்கிறதா என்று கேட்டு, பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அமைப்புகள் சிலவற்றில் ஹேமர் ஊசி மேலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டால் வெடித்துவிடும். அப்படிப்பட்ட ரிவால்வரில் ஹேமருக்கு நேரே உள்ள துளையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாதான் போட வேண்டும்.

பிடியைப் பாருங்கள். சுண்டு விரலுக்கு இடமில்லாத பிடி பாக்கெட்டில் மறையும், ஆனால் சுடும்போது நழுவும். பெரிய கைக்காரர்களுக்குப் பிபிகே போன்றவற்றில் ஸ்லைடு பின்னால் வரும்போது கட்டை விரல் இடுக்கைக் கீறும். எனக்குத் தெரிந்த மன்னார்குடிக்காரர் ஒருவர் இதற்காகவே ஆசையாக வாங்கியதை விற்றார்.

கடைசியாக, தினமும் போடும் அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். காலித் துப்பாக்கியை உறையோடு பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து, எழுந்து, எடுத்துப் பாருங்கள். கையால் முழுதாகப் பிடித்தால் பாக்கெட் வாயில் முஷ்டி சிக்கும். அதனால் விரல்களை நீட்டி உள்ளே விட்டு, வெளியே வரும்போது பிடிப்பதுதான் முறை. விசையில் விரல் எந்தக் கட்டத்திலும் இருக்கக் கூடாது.

பாக்கெட், வேட்டி, உறை

வேட்டி கட்டுபவர்களுக்கு இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்ளும் ஆசை வரும். கூடவே கூடாது. உறை இல்லை, விசை மூடவில்லை, மடிப்பு அவிழ்ந்தால் காலடியில் விழும். பட்டாபட்டி டிராயரின் பாக்கெட் கெட்டித் துணியாக இருந்தால் உறையோடு அதில் வைக்கலாம். எடுக்க நேரம் ஆகும் என்பது உண்மை. அந்தத் தாமதத்தை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

சட்டைப் பாக்கெட் வேண்டவே வேண்டாம். தாளடி நடவு சமயம் ஒருநாள் வரப்பில் குனிந்து மடை திறந்தேன். சட்டைப் பாக்கெட்டில் இருந்த ரிவால்வர் நழுவி வாய்க்காலுக்குள் போய்விட்டது. சேற்றைத் துழாவி எடுக்க அரை மணி நேரம். நடவாட்கள் எல்லாரும் பார்த்தார்கள். அன்று அந்த ஐந்தாவது தோட்டாவோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

துப்பாக்கி இருக்கும் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, சீவல் பொட்டலம் எதுவும் வேண்டாம். சாவி விசைக்குள் புகுந்துகொள்ளும். சுண்ணாம்பு டப்பா கசிந்தால் உலோகத்தைக் கெடுக்கும். உறை கட்டாயம் வேண்டும். விசையை முழுதாக மூட வேண்டும், வெளிப்பக்கம் சொரசொரப்பாக இருந்து பாக்கெட்டிலேயே தங்கிவிட வேண்டும். பைக்கில் போகும்போது துப்பாக்கியின் குழல் எதை நோக்கி இருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். தொடைப் பக்கம் திரும்பினால் பக்கவாட்டுப் பாக்கெட்டுக்கு மாற்றுங்கள்.

துருவும் தேர்தலும்

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. உள் டெல்டாவில் வியர்வையும் ஈரமும். இரவு வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகி ஹேமரின் வேகத்தைக் குறைக்கும். தோல் உறையில் வைத்தபடியே பெட்டகத்தில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பித்தளைத் தோட்டா பச்சை பூக்கும். பச்சை பூத்த தோட்டாவைப் பயிற்சியிலும் சுட வேண்டாம்.

தேர்தல் வந்தால் கலெக்டர் உத்தரவுப்படி துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒரு தேர்தலில் என் ரிவால்வரை ஒப்படைத்து, இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்கியபோது சிலிண்டர் முழுக்கத் துரு. அப்போதிருந்து ஒப்படைக்கும் முன் குழலுக்குள்ளும் வெளியிலும் எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுக்கிறேன். ரசீதை மறக்காமல் வாங்குங்கள், அதில் எண் சரியாக இருக்கிறதா என்று நின்று பாருங்கள்.

வீட்டில் வைக்கும் இடம் பூட்டுள்ள இரும்புப் பெட்டகம். பத்தாயத்து நெல்லுக்குள், பூஜை அறையில், தலையணைக்கு அடியில் வேண்டாம். ஆயுத பூஜைக்கு அரிவாளோடு சேர்த்து வைத்துக் கும்பிடுவதானால் காலியாக வைத்து, முடிந்த கையோடு உள்ளே பூட்டுங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கும் நாட்களில் துப்பாக்கி அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொஞ்ச காலம் ஒப்படைத்துவிடலாம்.

முதல் ஒரு மாதம்

வாங்கிய உடனே தோட்டா போட்டுக் கிளம்பாதீர்கள். முதல் மாதம் வீட்டுக்குள் காலித் துப்பாக்கியோடு நடமாடுங்கள். காலையில் வைக்கும்போது ஹேமர் இருந்த நிலை, இரவு எடுக்கும்போது இருக்கும் நிலை, சேஃப்டி நகர்ந்திருக்கிறதா, மேகசின் தளர்ந்திருக்கிறதா, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த மாதத்துக்குள் ஏதாவது ஒரு ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர் முன்னால் குறைந்தது ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். லைசென்ஸில் எழுதியிருக்கும் தோட்டா அளவுக்குள் அதற்குத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். முப்பது நாள் நோட்டில் ஒருநாள்கூட ஹேமர் பின்னால் போயிருக்கவில்லை, சேஃப்டி தானாக நகரவில்லை என்றால் முப்பத்தோராம் நாள் தோட்டா போடுங்கள். ஒரே ஒரு நாள் நகர்ந்திருந்தாலும் உறையை மாற்றி, எண்ணிக்கையை ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.